லாபம் அதிகமுள்ள பொருளை மட்டும் செய்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பட்டறையில் அலமாரிக்கு 2 மணி நேர இயந்திர வேலையும் 1 மணி நேரக் கைவேலையும் ஆகின்றன, மேசைக்கு இரண்டிலும் 1 மணி நேரம் போதும். வாரத்தில் இயந்திரத்துக்கு 100, ஆட்களுக்கு 80 மணி நேரமே உண்டு. லாபம் அலமாரிக்கு 50, மேசைக்கு 40. அலமாரியை மட்டும் செய்யலாமா? ஓவர்டைம் கட்டுப்படியாகுமா?

பதில்: அலமாரியை மட்டும் செய்தால் ஐம்பதாவது அலமாரியோடு இயந்திர நேரம் தீர்ந்துவிடும், லாபம் 2,500. மேசை மட்டும் என்றால் 80 மேசைகளுக்கு 3,200. ஆனால் 20 அலமாரியும் 60 மேசையும் செய்தால் 3,400 கிடைக்கும்; இதுவே உச்சம்.

காரணம் இதுதான். அலமாரி எண்ணிக்கையை ஓர் அச்சிலும் மேசை எண்ணிக்கையை மற்றோர் அச்சிலும் குறித்தால், இரண்டு நேர வரம்புகளும் இரண்டு நேர்கோடுகளாகி, அச்சுகளோடு சேர்ந்து, செய்யக்கூடிய கலவைகள் அனைத்தையும் ஒரு பலகோணத்துக்குள் அடைத்துவிடுகின்றன. லாபமும் நேரியலாக, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே அளவில் கூடுவதாக, இருப்பதால் உச்ச லாபம் அந்தப் பலகோணத்தின் ஒரு முனையில் கட்டாயம் கிடைக்கும். இத்தகைய கணக்குகளைத் தீர்க்க 1947இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை, முனையிலிருந்து மேலான முனைக்கு நகர்ந்தே விடையை எட்டுகிறது.

ஓவர்டைம் பற்றிய கேள்விதான் என் பார்வையில் முக்கியமானது. ஆள் நேரம் 81 ஆனால் ஓர் அலமாரியைக் குறைத்து இரண்டு மேசைகளைக் கூட்டலாம். லாபம் 3,430 ஆகும். அந்த ஒரு மணி நேரத்தின் நிழல் விலை, அதாவது அது கூட்டித் தரும் லாபம், 30. இயந்திர நேரத்துக்கு அது 10 மட்டுமே. பிளைவுட் உற்பத்தி தொடர்பான கணக்கொன்றை ஆராய்ந்து 1939இல் சோவியத் கணிதவியலாளர் கன்டரோவிச் வெளியிட்ட நூலிலேயே இத்தகைய மதிப்புகள் வந்துவிட்டன. லாபத்தைக் கணக்கிடும்போது வழக்கமான கூலியைக் கழித்திருந்தால், ஓவர்டைமுக்காக அதற்கு மேல் தரும் தொகையை மட்டும் 30உடன் ஒப்பிடுங்கள். கழிக்காவிட்டால் முழு ஓவர்டைம் கூலியையும் ஒப்பிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். மேலும், இயந்திர நேரம் மாறாதவரை, ஆள் நேரம் 100ஐ எட்டும்வரைதான் இந்த 30 செல்லும். அதன்பின் இயந்திரம் இடம் தராது. எக்செலில் இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சால்வர் என்ற கருவியின் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டில் இந்த மதிப்பும் அதன் எல்லையும் சேர்ந்தே கிடைக்கும்.

விற்பனையையும் வரம்பாகச் சேர்க்க மறக்காதீர்கள். வாரத்துக்கு 45 மேசைகளே விலைபோகும் என்றால் விடை 27.5 அலமாரி, 45 மேசை என்று வரும். அரை அலமாரியை விட்டுவிட்டால் லாபம் 3,150. ஆனால் 28 அலமாரியும் 44 மேசையும் செய்தால் 3,160. முழு எண்கள் தேவைப்படும் கணக்கில் பின்னத்தை வெட்டிவிடாமல், மாறிகள் (இங்கே அலமாரி, மேசை எண்ணிக்கைகள்) முழு எண்களாக இருக்க வேண்டும் என்பதையும் சால்வரில் நிபந்தனையாகக் கொடுங்கள். இந்தத் திட்டத்தில் ஆட்களின் 80 மணி நேரத்தில் 72 மட்டுமே செலவாவதால், ஓவர்டைமுக்கு இடமே இல்லை.