சம்பளமில்லாதவர்களின் கோபம்

அன்புள்ள ஐயா,

ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒரு குழுவுக்கு மூன்று வருடம் மாடரேட்டராக, அதாவது பதிவுகளைக் கண்காணிப்பவனாக, இருந்தேன். நடுராத்திரி எழுந்து ஸ்பாம் நீக்கியிருக்கிறேன். வெளியார் செய்த செயலிகள் தளத்தைப் பயன்படுத்தக் கம்பெனி கட்டணம் அறிவித்ததை எதிர்த்து, 2023 ஜூனில் கதவடைத்த குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. சம்பளமில்லாத வேலைக்கு என்ன ஸ்ட்ரைக் என்று நண்பர்கள் சிரித்தார்கள். இப்போது எனக்கும் அப்படித்தான் படுகிறது. தளம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையதுதானே? திரும்பப் போகலாமா?

கே.

அன்புள்ள கே,

போவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் ‘தளம் அவர்களுடையது’ என்று நீங்களே எழுதலாமா? படித்ததும் கோபம் வந்தது.

என் அப்பா எங்கள் ஊர்ப் படிப்பகத்தைப் பதினோரு வருடம் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார். காலை ஆறு மணிக்குத் திறந்ததும் பேப்பர் தாள்கள் பறக்காமலிருக்க ஊசிநூலால் நடுவில் தைத்துவைப்பார். கிழிந்த அட்டைகளுக்கு மைதாப் பசை காய்ச்சுவார். ஒருநாள் போய்ப் பார்த்தால் புதுப் பூட்டு. கட்டடத்தின் சொந்தக்காரர்கள் அதைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அது அவர்கள் உரிமை, அப்பா அதில் தலையிடவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். ‘உங்களை யாரு செய்யச் சொன்னது?’ என்றார்கள். உங்கள் நண்பர்கள் கேட்டதும் இதே கேள்விதான், அதனால்தான் சொல்கிறேன்.

கட்டண விவகாரம் எனக்குப் பெரிதில்லை. ரெடிட்டைப் படிக்க வெளியார் ஒருவர் செய்த அப்போலோ செயலிக்கு அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஆகும் என்று அதை உருவாக்கியவர் கணக்குச் சொல்லி, ஜூன் 30-இல் மூடிவிட்டுப் போனார். போகட்டும். ஆனால் பார்வையற்றோர் குழுவை நினைத்துப் பாருங்கள். அங்கே மாடரேட்டர்களிலும் பார்வையற்றவர்கள் உண்டு. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் வசதியோடு வெளியார் செய்த செயலிகளை நம்பித்தான் வேலை பார்த்தார்கள், ஏனென்றால் கம்பெனியின் சொந்தச் செயலியில் அது ஒழுங்காக நடக்கவில்லை. அவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே! எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அப்படிப்பட்ட சில செயலிகளுக்கு விலக்கு வந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் கதவை அடைத்தபோது, தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் மாடரேட்டர்களை நிலப்பிரபுக்களோடு ஒப்பிட்டார். அடுத்த மார்ச்சில் கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனது. கூலியில்லாமல் ராத்திரி கண் விழித்தவன் நிலப்பிரபுவா?

இது புதிதும் அல்ல. ஏஓஎல் என்ற அமெரிக்க இணையக் கம்பெனியின் அரட்டை அறைகளைக் கவனித்த தன்னார்வலர்கள் 1999-இல் வழக்குப் போட்டார்கள், 2010-இல் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமரசமானது. பணத்துக்காக மட்டும் யாரும் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைய மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, திரும்பப் போவதானால் போங்கள், அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். சிரித்தவர்களோடு சேர்ந்து மட்டும் சிரிக்காதீர்கள். அப்புறம், அது என்ன குழு என்று நீங்கள் எழுதவே இல்லையே. மூன்று வருடம் எதைக் காத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.