கேட்ச் கேன் பூட்டியதால் வொரண்டி போய்விட்டதா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கடந்த வருடம் முகவரிடம் புதிதாக வாங்கிய 1 லீட்டர் டேர்போ கார் என்னுடையது. பஞ்சிகாவத்தையில் 18,000 ரூபாய்க்கு ஒயில் கேட்ச் கேன் (எஞ்சின் வாயுவோடு வரும் ஒயிலைப் பிடித்துச் சேர்க்கும் சிறு கொள்கலன்) ஒன்று வாங்கி, தெரிந்த கராஜில் பூட்டினேன். இரண்டரை மாதத்தில் நீலப் புகை. எஞ்சின் பின்பக்கச் சீலில் ஒயில் கசிவு. மாற்றம் செய்த வாகனத்துக்கு வொரண்டி இல்லை என்கிறார் முகவர். கராஜ்காரரோ டேர்போவே பழுது என்கிறார். யாரைப் பிடிப்பது?

பதில்: முதலில் கலண்டரைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ், பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். கேன் விற்ற கடைக்கும் பூட்டிய கராஜுக்கும் எதிராக உங்களுக்கு மீதி இருப்பது இரண்டு கிழமைதான். கார் வாங்கியது போன வருடம் என்பதால் முகவர் விடயத்தில் இந்த வழி கஷ்டம். அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கதைத்தால் மட்டும் போதாது, எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், யார் சொன்னாலும் எஞ்சினை இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள். வழக்கே அதற்குள்தான் இருக்கிறது. பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயு வெளியேற வழி வேண்டும். சாதாரண ஓட்டத்தில் அது ஒரு வால்வு வழியாக இன்டேக் மனிபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் பகுதி) போகும். டேர்போ அழுத்தம் ஏறும்போது அந்த வால்வு மூடிக்கொள்ளும், வாயு டேர்போவுக்கு முன்னாலுள்ள குழாய் வழியாகப் போகும். கேட்ச் கேன் இந்த வழியில்தான் பூட்டப்படுகிறது. அதன் ஹோஸை மாற்றிப் பூட்டினாலோ, மடிந்து அடைத்தாலோ, கேன் நிரம்பியும் வடிக்காமல் விட்டாலோ அழுத்தம் உள்ளேயே தங்கிவிடும். சீல் கசியும், டேர்போவிலிருந்து ஒயில் சரியாக வடியாமல் புகையும் வரும். உங்கள் அறிகுறிகள் இதற்குப் பொருந்துகின்றன. ஆனால் பொருந்துவது சாட்சியாகாது. முகவருக்கும் கராஜுக்கும் பதிவுத் தபாலில் அறிவித்து, சுயாதீனமான ஒரு வாகனப் பொறியியலாளரைக் கொண்டு, ஹோஸ்கள் இருக்கும் நிலையிலேயே படமெடுத்து அறிக்கை பெறுங்கள். கேனை இரகசியமாகக் கழற்றிவிட்டு முகவரிடம் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். ஹோஸில் கிளாம்ப் பதிந்த தழும்பு காட்டிக் கொடுத்துவிடும், பிறகு உங்கள் வார்த்தைக்கு மதிப்பே இருக்காது.

கேனில் சேரும் ஒயிலை வடித்தெடுக்கும் விடயத்தில் உங்களிடமும் கேள்வி வரும். எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை வடிக்க வேண்டுமென்று கராஜ் சொன்னதா, நீங்கள் செய்தீர்களா?

முகவர் பக்கம் வருவோம். பூட்டிய பாகத்தால்தான் சேதம் என்பதை வாகன உற்பத்தியாளர்தான் நிரூபிக்க வேண்டும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய பேச்சு, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் எடுபடாது. இங்கே பார்க்க வேண்டியது உங்கள் வொரண்டிப் புத்தகத்தின் வாசகம். "மாற்றத்தால் ஏற்பட்ட சேதம்" மட்டும் விலக்கப்பட்டிருந்தால், ஒரு பாகம் பூட்டியதை வைத்து முழு வொரண்டியையும் மறுக்க முடியாது. கேனுக்குச் சம்பந்தமில்லாத கியர்பொக்ஸ், ஏசி எல்லாம் அப்படியே இருக்கும். "எந்த மாற்றமும் வொரண்டியை இரத்துச் செய்யும்" என்றிருந்தால் போராட்டம் கடினம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தை வைத்து வாதிட இடமுண்டு, வெற்றி நிச்சயமில்லை.

என் கணிப்பில் உங்கள் முதன்மையான எதிராளி கராஜ்தான். வாய்மொழி ஒப்பந்தத்துக்கு வழக்குத் தொடர மூன்று வருடக் காலம் உண்டு. தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரலாம். பில் தரவில்லை என்று எழுதியிருக்கவில்லை, ஆனால் பெரும்பாலும் தந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் கராஜ்காரரோடு பேசிய வட்ஸ்அப் செய்திகளையும் பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அவற்றையும் சான்றாக ஏற்க இடமளிக்கிறது.