கூட்டம் வேண்டுமா, ஆள் வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் கோவையில் நான்கு நண்பர்கள். வேலை நேரம் போக மிஞ்சும் பொழுதில், தமிழுக்கான ஒரு சொற்பிழை திருத்தியை, நிரலை எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளாக எழுதிவருகிறோம். ஆள் போதவில்லை என்பதால் சென்ற ஆண்டு ஒரு பொறியியல் கல்லூரியில் பயிலரங்கு நடத்தினோம். அடுத்து வந்த அக்டோபரில் நிரலை நாங்கள் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் நாற்பது புல் ரிக்வெஸ்ட்கள், அதாவது 'என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கைகள், குவிந்தன. பெரும்பாலானவை திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றியவை, அல்லது தன் பெயரைச் சேர்த்துக்கொண்டவை. இரண்டு மட்டும் நல்ல வேலை. குப்பையைக் கழித்துவிட்டு அவற்றைப் பார்ப்பதற்குள் இரண்டரை மாதம் ஓடிவிட்டது. அனுப்பியவர்களிடமிருந்து இப்போது பேச்சில்லை.

சான்றிதழும் சிறு பரிசும் அறிவித்தால் ஆட்கள் நிலைப்பார்கள் என்கிறார் எங்களில் ஒருவர். வெளியாளே வேண்டாம், கதவைச் சாத்திவிடலாம் என்கிறார் இன்னொருவர். முகம் தெரியாதவர்களுக்கு நிரலில் கைவைக்கும் உரிமையைக் கொடுத்தால் பின்வாசல் வைக்கப்பட்ட எக்ஸ்இசட் மென்பொருளுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் என்பது அவர் வாதம். இந்தக் குழுவை வளர்ப்பது எப்படி?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

நாற்பது பேரைப் பற்றித்தான் அதிகம் வருந்தியிருக்கிறீர்கள். என் கண் அந்த இரண்டரை மாதத்தில் போய் நின்றது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லாவில் ஒருமுறை புதிய பங்களிப்பாளர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முதல் திருத்தத்துக்கு 48 மணி நேரத்துக்குள் மதிப்பாய்வு பெற்றவர்கள் பெருமளவில் திரும்பி வந்திருந்தார்கள். ஏழு நாட்களுக்கு மேல் காத்திருந்தவர்களில் அநேகமாக யாருமே திரும்பவில்லை. மொஸில்லாவுக்கே அந்த நிலை என்றால், பெயர் தெரியாத உங்கள் குழுவிடம் எழுபது எண்பது நாள் பொறுமை காட்ட யாருக்கு என்ன கட்டாயம்?

நீங்கள் கொடுத்த சுட்டியில் போய் அந்த இரண்டு திருத்தங்களையும் படித்தேன். ஒன்று சுமார். மற்றொன்று, உண்மையிலேயே நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஆள் எழுதியது. 'கொடி' என்ற சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் அகராதிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். அதனால் சரியான சொல்லுக்கும் சிவப்புக் கோடு விழுந்துகொண்டிருந்தது. இப்படி இரு விதமாகச் சேமித்தவற்றை ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்க விதியால் அந்த மாணவர் இதைச் சரிசெய்துவிட்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. 'பௌர்ணமி'யை எழுதக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுபவர்கள் ஏராளம். இங்கே இயல்பாக்கம் உதவாது, ஏனென்றால் ளகரம் கணினிக்குத் தனி எழுத்து. கண்ட இடத்திலெல்லாம் அதை ஔகாரமாக மாற்றினால் 'வெள்ளம்' உடையும், 'தெளிவு' சிதையும். ஆகவே ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடக்கூடாது என்று விதி எழுதி, சோதித்துப் பார்க்க ஒரு சொற்பட்டியலையும் இணைத்திருக்கிறார். இன்னும் வேலை இருக்கிறது, இந்த விதியில் சிக்கக்கூடிய எல்லாச் சொற்களையும் அவர் முழுதாக யோசிக்கவில்லை. இருக்கட்டும், அதைச் சொல்லித்தரத்தானே நீங்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள்!

இவர் பயிலரங்கில் உருவானவர் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் திருத்தியைத் தினமும் பயன்படுத்தி, சரியாக எழுதிய சொல்லுக்குக் கீழே கோடு விழுவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலடைந்தவர். சிறு திறமூலக் குழுக்களுக்கு நல்ல ஆட்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். பயனராக வந்து, வழுவைப் புகாராக எழுதி, பதில் கிடைத்த தெம்பில் அடுத்தமுறை தானே திருத்தி அனுப்புவார்கள். உங்கள் பக்கத்தில் பதிலே இல்லாமல் கிடக்கும் வழுப் புகார்களைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் வருங்காலப் பங்களிப்பாளர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

மற்ற முப்பத்தெட்டுப் பேர்மீது கோபப்படாதீர்கள். அக்டோபரில் திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க அழைக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வை டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கியது. அதில், 2020ஆம் ஆண்டு, நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். உலகெங்கும் ரீட்மீ கோப்புகளில் 'அருமையான திட்டம்' என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். மாதம் பிறந்த சில நாட்களிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்துக் குறிச்சொல் ஒட்டிய களஞ்சியங்கள் (ஒரு திட்டத்தின் நிரல் இருக்கும் இடங்கள்) மட்டுமே கணக்கில் வரும் என்றார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் ரீட்மீயில் மாணவர்கள் தங்கள் பெயரைச் சேர்க்கும் கோரிக்கைகளாக அனுப்பிக் குவித்தார்கள். புல் ரிக்வெஸ்ட் அனுப்பக் கற்றுத்தந்த ஒரு பாடக் காணொளி அந்தக் களஞ்சியத்தையே உதாரணமாகக் காட்டியதுதான் காரணம். பரிசுக்கும் சான்றிதழுக்கும் வருகிறவர்கள் அது கிடைக்கும் மிகக் குறுகிய வழியைத்தான் கண்டுபிடிப்பார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் பையனுக்குத் தற்குறிப்பில் ஒரு வரி வேண்டும், அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆகவே சான்றிதழ் யோசனையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் யார் எந்த வழுவைத் தீர்த்தார் என்று பெயரோடு எழுதுங்கள், அது போதும்.

நிரல் எழுதுவது அனுப்புகிறவரின் ஒரு மாலைப்பொழுது. அதைப் படிப்பதும், திருப்பி அனுப்புவதும், ஏற்றுக்கொண்டபின் ஆண்டுக்கணக்கில் கட்டிக் காப்பதும் உங்கள் தலையில். வருகிறவர் எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டு, படிக்கிறவர் எண்ணிக்கையை நான்கிலேயே வைத்திருந்தீர்கள். நான்கு என்பதுகூட மரியாதைக் கணக்கு. பதிவுகளைப் பார்த்தால் படித்தது எல்லாம் நீங்கள் ஒருவர்தான்.

எக்ஸ்இசட்டுக்கு வருகிறேன். அந்தக் கதையைப் பலரும் பாதியிலிருந்து சொல்கிறார்கள். கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக லாஸ்ஸே கொலின் என்ற ஃபின்லாந்துக்காரர் ஏறக்குறையத் தனியாளாகப் பராமரித்துவந்தார். லினக்ஸ் இயங்குதளத்தின் பல்வேறு வழங்கல்களில் அது எங்கும் நிறைந்திருந்தது. 2021 இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்கள் முளைத்துக் கொலினை நச்சரித்தன: ஏன் இத்தனை தாமதம், முடியாவிட்டால் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கக்கூடாதா? தனக்கு நீண்டகால மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் எல்லோரும் படிக்கும்படி எழுதவேண்டி வந்தது. அந்தப் பெயர்கள் பொய்ப்பெயர்கள் என்றே இன்று பரவலாக நம்பப்படுகிறது.

மெல்ல மெல்ல வெளியீட்டுப் பொறுப்பு ஜியா டானிடம் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும் அடுத்த 5.6.1இலும் பின்வாசல், அதாவது வெளியாள் இரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழி, இருந்தது. அதன் பகுதிகள் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் கிடந்தன. அவற்றை உயிர்ப்பிக்கும் துணுக்கு, எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் வைக்கப்பட்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக அரை விநாடி கூடுதலாக ஆவது ஏன் என்று குடைந்தவர், மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

அந்நியரை நம்பியதால் வந்த வினை என்று உங்கள் நண்பர் இதைப் படிக்கிறார். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. களைத்துப்போன ஒருவருக்கு உதவ வந்த ஒரே கை திருடனுடையதாக இருந்தது. அந்தத் திருத்தங்களை இன்னொரு முறை படிக்க அவரருகில் இரண்டாவது பராமரிப்பாளர் கிடையாது. கதவைச் சாத்தினால் நீங்களும் கொலின் நின்ற அதே இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள், அதுவும் விரைவாக. உரிமையைப் படிப்படியாகக் கொடுங்கள்: முதலில் வழுப் புகார்களை வகைப்படுத்த, பிறகு மற்றவர் திருத்தங்களை மதிப்பாய்வு செய்ய, கடைசியாக இணைக்க. யார் எழுதியதானாலும், நீங்களே எழுதினாலும், இன்னொருவர் படிக்காமல் எதுவும் உள்ளே போகக்கூடாது. வெளியீட்டுப் பொதியை யாருடைய மடிக்கணினியிலும் கட்டாதீர்கள். களஞ்சியத்திலிருந்து தானியங்கியாக உருவாகட்டும்.

கதவைச் சாத்தியும் நன்றாக நடக்கும் திட்டம் ஒன்று உண்டு, உங்கள் நண்பர் அதைச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்வது கடினமாகியிருக்கும். ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கிய எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இருக்கிறது. நிரல் எல்லோருக்கும் திறந்தது. ஆனால் வெளியாரின் திருத்தங்களைப் பொதுவாக ஏற்பதில்லை, எழுதுவது ஒரு சிறு குழு மட்டுமே. அந்தக் குழுவுக்கு அதுதான் முழுநேரப் பிழைப்பு, செலவை ஏற்க நிறுவனங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. உங்களில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தாலே ஒரு வெளியீடு தள்ளிப்போகிறது.

எனவே இந்த ஆண்டு வளர்ச்சி என்று நீங்கள் குறிவைக்கவேண்டியது ஐந்தாவது ஆள் ஒருவரை. அந்த மாணவருக்கு இன்றே எழுதுங்கள். தாமதத்துக்கு நீண்ட விளக்கமெல்லாம் வேண்டாம். திருத்தத்தை இணைத்துவிட்டோம் என்று ஒரு வரி, விடுபட்ட சொற்களைப் பற்றி ஒரு கேள்வி. அவர் வரவில்லையென்றாலும் பரவாயில்லை, அடுத்தவருக்கு இரண்டு நாளில் பதில் போகட்டும். வாரம் ஒருவர் என்று நால்வரும் முறைவைத்துக்கொண்டால் அது முடியும். நிரல் தெரியாத ஒரு தமிழாசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் அகராதியில் புணர்ச்சிப் பிழைகள் ஏராளம்.

இன்னொன்று. உங்கள் களஞ்சியத்தில் அந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் குறிச்சொல்லை ஒட்டியிருப்பது நீங்களேதான். எடுத்துவிடுங்கள்.