கார்டு காட்டிய பிறகும் காசு கேட்டால்?

கேள்வி: அம்மாவுக்கு மாரடைப்பு வந்து, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தோம். "திட்டத்துல சாதா ஸ்டென்ட்தான் வரும், நல்லது வேணும்னா வித்தியாசத்தைக் கட்டுங்க" என்று 25,000 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் 'அட்வான்ஸ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓசியில் வைத்தியம் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகலாமா என்று அண்ணன் தடுக்கிறார்.
- வாசகி, காசிமேடு

பதில்: ஓசி என்று யார் சொன்னது? உங்கள் குடும்பத்துக்காக அரசு பிரீமியம் கட்டுகிறது. சிகிச்சைக்கான தொகையை மருத்துவமனை அந்தக் காப்பீட்டில் வாங்கிக்கொள்கிறது. உங்கள் கையிலிருந்து போகவில்லை, அவ்வளவுதான். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றாலும் அது கட்டணச் சேவைதான். அதாவது உங்கள் அம்மா நுகர்வோர். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து அந்த 'நல்ல ஸ்டென்ட்'. 2017 பிப்ரவரி முதல் ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. மருந்து பூசிய ஸ்டென்ட் என்றால் உள்நாடோ வெளிநாடோ, எந்தக் கம்பெனியோ, வரம்பு ஒன்றுதான். பில்லில் ஸ்டென்ட்டின் விலையைத் தனியாகக் காட்டி, கம்பெனி, பேட்ச் எண் எல்லாம் போட வேண்டும் என்பதும் விதி. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். பல மருத்துவமனைகளில் ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டி வைப்பார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே சில கவுண்டர்களில் குரல் மாறிவிடும்!

துண்டுத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. முதலில் 1800 425 3993 என்ற திட்டத்தின் இலவச எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அசையவில்லையென்றால், ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குறைதீர்க் குழு இருக்கிறது. ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவையின் தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். 'என் விருப்பப்படி கட்டினேன்' என்று அட்மிஷன் நேரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பதறிக்கொண்டு நிற்கும் மகள் போட்ட கையெழுத்தை எப்படிப் பார்ப்பது என்று ஆணையத்துக்குத் தெரியும்.

கேள்வி: ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எப்படியும் காசு கிடையாது. அங்கேயும் ஏன் கார்டு கேட்கிறார்கள்? எங்களிடம் கார்டு இல்லை. எடுத்துத் தர ஒருவர் 1,500 கேட்கிறார்.
- வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கொடுக்காதீர்கள். அட்டைக்குக் கட்டணமே இல்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் சிறு தொகை வாங்குவார்கள், அதோடு சரி.

அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் காப்பீட்டுத் தொகை பெறுகின்றன. அதனால்தான் கேட்கிறார்கள், காட்டுவதில் உங்களுக்கு நஷ்டமில்லை. இன்னொன்றும் உண்டு. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் வழக்கு நிற்காது. காப்பீட்டுத் தொகை வாங்கிய சிகிச்சை என்றால் வாதாட இடமிருக்கிறது.

கேள்வி: இந்தத் திட்டம் சட்டமா? ஆட்சி மாறினால் போய்விடுமா?
- கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: சட்டமன்றத்தில் நிறைவேறிய தனிச் சட்டம் இல்லை, அரசாணையில் நடக்கும் திட்டம். 2009-ல் கலைஞர் பெயரில் வந்தது, 2012-ல் முதலமைச்சர் பெயரில் புதிதாக வந்தது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்ந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஆட்சி மாறியபோது பெயரும் வடிவமும் மாறின, ஆனால் இலவசக் காப்பீட்டை ஒருவரும் அடியோடு விட்டுவிடவில்லை, ஓட்டு பயம்தான் காரணம். ஆனாலும் ராஜஸ்தான் 2023-ல் செய்ததுபோல் சுகாதார உரிமைக்கென்று ஒரு சட்டம் இங்கும் வர வேண்டும் என்பதே என் கருத்து. திட்டமாக இருக்கும்வரை 'தயவு செய்து' என்றுதான் கவுண்டரில் நிற்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, சம்பளம் 17,000. எனக்கு இந்த அட்டை கிடைக்குமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: உங்கள் வருமானத்துக்குக் கிடைக்காது. ஆனால் மாதச் சம்பளம் 21,000 வரை இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உண்டு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும்தான். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், அதாவது உங்களுக்குச் சுமார் 128 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் இ.எஸ்.ஐ. எண் தரவில்லையென்றால், சீட்டின் நகலோடு இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அதை உடம்புக்கு ஒன்று வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.