இங்கிலாந்தில் கேரவன் இழுக்க பெட்ரோல் கார் வாங்கலாமா, டீசல் கார் வாங்கலாமா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: லண்டனில் வீடு, சாமான் எல்லாம் ஏற்றினால் 1,200 கிலோ வரும் பழைய கேரவன் ஒன்று கைக்கு வரப்போகிறது, வருடத்துக்கு மூன்று நான்கு முறை டெவன், வேல்ஸ் பக்கம் போக ஆசை, மற்ற நாளெல்லாம் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ரயில் நிலையம் வரைக்கும்தான் ஓட்டம். (நம் ஊரில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது எஞ்சின் இல்லாத, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு.)

நானும் லண்டன்தான், ஹாரோவில் இருக்கிறேன். ஆறு வருடம் 2 லிட்டர் டீசலில் இழுத்தேன், மூன்று வருடமாக அதே கேரவனை 1.5 லிட்டர் டர்போ பெட்ரோலில் இழுக்கிறேன். உங்களுக்குப் பெட்ரோல்தான் சரி. இத்தனைக்கும் இழுப்பதற்கு என்று மட்டும் பார்த்தால் டீசல்தான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கேரவன் இழுப்பவனுக்கு குதிரைத்திறனைவிட டார்க்தான், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசைதான் முக்கியம், அதுவும் எவ்வளவு குறைந்த வேகத்தில் எஞ்சின் அதைக் கொடுக்கிறது என்பது. பழைய ஸ்கோடா ஆக்டேவியாவை எடுத்துக்கொள்ளுங்கள், 1.5 பெட்ரோல், 2.0 டீசல் இரண்டுக்கும் 150 குதிரைத்திறன்தான். ஆனால் பெட்ரோல் கொடுப்பது 250 நியூட்டன் மீட்டர், டீசல் 1,750 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) 340 கொடுத்துவிடும். அந்த இடத்தில் டீசல் தரும் அதே சக்தி வேண்டுமென்றால் பெட்ரோல் கிட்டத்தட்ட 2,400-க்குப் போகவேண்டும். சமதரையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. டெவன் போகும் வழியில், எக்ஸிட்டரில் எம்5 மோட்டர்வே முடிந்து ஏ38 சாலைக்குள் போனதும் ஹால்டன் ஹில் என்று ஒரு ஏற்றம் வரும், அங்கே தெரியும். டீசலில் ஒரு கியர் இறக்கினால் போதும், லாரிகளைத் தாண்டி அமைதியாக ஏறிவிடுவேன். பெட்ரோலில் முதல் தடவை போனபோது வண்டி தானாகவே மூன்றாவது கியருக்கு இறங்கி, முள் 4,000-ஐத் தொட்டு, பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து "அப்பா, கார் ஏன் கத்துது?" என்று கேட்டாள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த வேகத்தில் சுற்றத்தான் அந்த எஞ்சினைச் செய்திருக்கிறார்கள். ஆனால் டீசலில் பழகிய காதுக்கு முதல் இரண்டு பயணம் பயமாகத்தான் இருக்கும்.

எரிபொருள் செலவும் பார்த்துவிடுங்கள். என் டீசல் கேரவனோடு கேலனுக்கு 30 மைல் கொடுத்தது, பெட்ரோல் 24 தாண்டுவதில்லை. சின்ன டர்போ எஞ்சின் கனமான பாரத்தில் தன் சூட்டைக் குறைத்துக்கொள்ளவே கூடுதலாகப் பெட்ரோலை உறிஞ்சும்.

அப்புறம் ஏன் டீசலை விற்றேன் என்றால், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு மைல். மனைவிக்கு வேலை மாறியதும் கார் முழுக்க அந்த இரண்டு மைல் ஓட்டத்துக்கே வந்துவிட்டது. இப்போதைய டீசல் கார்களில் புகைப்போக்கி வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அது கரியைப் பிடித்துவைத்துக்கொண்டு, அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடாகி எரித்துத் தள்ளும். அதற்கு வண்டி நிற்காமல் ஒரு கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓடவேண்டும். எங்கள் வண்டி ஒவ்வொரு தடவையும் எரிக்கத் தொடங்கி, பள்ளி வாசலில் அணைந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அணைந்து, ஒரு குளிர்கால மாதத்திலேயே மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. எஞ்சின் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, முகர்ந்தால் டீசல் வாடை. எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரியாமல் ஆயிலில் கலந்திருக்கிறது. எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. இதே வண்டி கோடையில் கேரவனை இழுத்துக்கொண்டு 250 மைல் போய் வந்தால் சொன்னபடி கேட்கும், விளக்கு கண்ணிலேயே படாது. வருடத்தில் முப்பது நாள் அந்த வண்டிக்கு ஏற்ற வேலை, மீதி நாளெல்லாம் அதைக் கொல்லும் வேலை. நீங்கள் சொல்லும் ஓட்டமும் அச்சு அசல் இதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தினமும் மோட்டர்வேயில் நாற்பது மைல் வேலைக்குப் போகிறவராக இருந்தால் யோசிக்காமல் டீசல் வாங்கச் சொல்லியிருப்பேன்.

பழைய டீசல் மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்க்கவும் வேண்டாம். யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாத டீசலுக்கு லண்டனில் யூலெஸ் எனும் காற்று மாசுக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்ட், 2023 ஆகஸ்ட்டிலிருந்து ஹாரோ உட்பட எல்லாப் பகுதிக்கும் உண்டு. பெட்ரோலுக்கு யூரோ 4 போதும்.

பெட்ரோலில் ஒரு விஷயம் மட்டும் கவனம். முகாமில் ஈரப் புல் மேட்டில் கேரவனைப் பின்னால் தள்ளி நிறுத்தும்போது குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை பத்தாது, ஆக்சிலரேட்டரை மிதித்து கிளட்ச்சைத் தேய்ப்பீர்கள், கருகின வாசனை வந்துவிடும். வாசனை வந்தால் நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

எந்த எரிபொருளானாலும் எடைக்கணக்கு முதலில். சாமானோடு கேரவனின் எடை, சாமான் ஏற்றாத காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இங்கே புதிதாக இழுப்பவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. சட்டம் இல்லை, ஆனாலும் நான் மீறமாட்டேன். உங்கள் 1,200 கிலோவுக்குக் கார் 1,412 கிலோவாவது இருக்கவேண்டும். பெட்ரோல் கார் அதே மாடல் டீசலைவிட எடை குறைவு என்பதால் சின்ன ஹாட்ச்பேக்குகள் இதில் அடிபட்டுப்போகும். கொஞ்சம் பெரிய எஸ்யூவி பக்கம் பாருங்கள், 1.5 லிட்டர் டர்போ, 250 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல்.

முன்பணம் கொடுக்குமுன் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் தகட்டைப் பாருங்கள். நான்கு எடைகள் வரிசையாக இருக்கும். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால், முழுப் பாரம் ஏற்றிய கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது வரும். 1,200-க்குக் கீழே வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஹைப்ரிட் காட்டினார்கள் என்றால் இதை இரண்டு தடவை பாருங்கள், சிலவற்றுக்கு இழுக்கவே அனுமதி கிடையாது.