டிஸ்னியின் அடுத்த கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கும்? கேள்விகளும் பதில்களும்

டிஸ்னி குரூஸ் நிறுவனம் 2031க்குள் தன் கப்பல்களை 13 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்ததிலிருந்து, "புதுசையெல்லாம் எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் பதினோரு வருடம் சொகுசுக் கப்பல்களில் ஸ்டோர்ஸ் (சரக்கு இருப்பு) பிரிவில் வேலை பார்த்தவன் (டிஸ்னியில் அல்ல). தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹோம்போர்ட் என்கிறீர்களே, கப்பல் போய் நிற்கிற எல்லாத் துறைமுகமும் ஒன்றுதானே?

இல்லை. சுற்றிப் பார்க்க நிற்கும் ஊருக்கு ஒரு ஜெட்டி இருந்தால் போதும், சில ஊர்களில் அதுகூட இருக்காது, படகில்தான் கரைக்குப் போக வேண்டும். ஹோம்போர்ட் என்பது பயணம் தொடங்கி முடியும் இடம். காலையில் கப்பலைக் கட்டியதும் நாலாயிரம் பேர் பெட்டியோடு இறங்குவார்கள். மதியம் வேறு நாலாயிரம் பேர் ஏறுவார்கள். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் முட்டை, காய்கறி, இறைச்சி, தண்ணீர், எரிபொருள் எல்லாம் உள்ளே போக வேண்டும், குப்பை வெளியே வர வேண்டும். ஒரு லாரி வரிசை தவறி நின்றால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு கிடையாது! அதனால் கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது விமான நிலையம், கார் நிறுத்துமிடம், ஓட்டல் அறை, குளிர்பதனக் கிடங்கு. கடற்கரை அழகைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

டிஸ்னிக்கு ஏன் எப்போதும் புளோரிடாவே?

1998இல் முதல் கப்பலான டிஸ்னி மேஜிக் கிளம்பியதே போர்ட் கனாவரலிலிருந்துதான். ஆர்லாண்டோவில் உள்ள அவர்களுடைய பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பூங்காவுக்கு வந்த குடும்பத்தை அப்படியே கப்பலில் ஏற்றிவிடலாம், புதிதாக ஆள் தேட வேண்டாம்.

இரண்டாவது விஷயம் ராத்திரிக் கணக்கு. மாலையில் கிளம்பும் கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் 14 மணி நேரம் ஓடினால் 280 கடல் மைல். பஹாமாஸின் நாசாவும், டிஸ்னியின் சொந்தத் தீவான காஸ்ட்அவே கேயும் இந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன. அதனால்தான் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் அங்கே சாத்தியமாகின்றன. அதிலும் சொந்தத் தீவு என்றால் கரையில் செலவாகும் பணமும் கம்பெனிக்கே.

2023 நவம்பரில் ஃபோர்ட் லாடர்டேலின் போர்ட் எவர்கிளேட்ஸில் ஒரு முனையம் எடுத்து, டிஸ்னி ட்ரீம் கப்பலை அங்கே நிறுத்தினார்கள். 2025 நவம்பரில் டிஸ்னி டெஸ்டினி கப்பலும் அங்கேதான் வந்தது. விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

அதே புளோரிடாவில் டாம்பா இருக்கிறதே, அங்கே போகலாமே?

பாலம் இடிக்கும். டாம்பா விரிகுடா வாயில் உள்ள சன்ஷைன் ஸ்கைவே பாலத்துக்குக் கீழே சுமார் 180 அடிதான் இடைவெளி. ட்ரீம் அளவுக் கப்பல்கள் அதைவிட உயரம்.

நியூயார்க்கில் ஏறி மியாமியில் இறங்குகிற மாதிரி ஒரு பயணம் விட்டால் இரண்டு ஊர்க்காரர்களும் வருவார்களே?

சட்டம் விடாது. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை இன்னொன்றில் கொண்டுபோய் இறக்கக் கூடாது என்று 1886லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். டிஸ்னி கப்பல்கள் பஹாமாஸ் கொடியில் ஓடுகின்றன. கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பயணமானாலும் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் தொட்டாக வேண்டும். சான் டியேகோவிலிருந்து போகிறவர்கள் மெக்சிகோவின் என்செனாடாவை எட்டிப்பார்ப்பதும், சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகிற கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் நிற்பதும் இதற்காகத்தான். டிஸ்னியின் அலாஸ்காப் பயணங்கள் கனடாவின் வான்கூவரிலிருந்தே கிளம்புவதால் அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

சிங்கப்பூரிலிருந்து கேட்கிறேன். டிஸ்னி அட்வென்ச்சர் இங்கே எப்படி வந்தது? அது எந்த ஊருக்கும் போகாதாமே?

அந்தக் கப்பலுக்கு ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. ஆசியாவில் சொகுசுக் கப்பல் ஓட்டிய கென்டிங் குழுமத்துக்காக ஜெர்மனியின் விஸ்மாரில் 'குளோபல் ட்ரீம்' என்ற பெயரில் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 தொடக்கத்தில் கப்பல் கட்டும் தளம் திவாலானது. பாதியில் நின்றதை அதே வருடம் டிஸ்னி வாங்கியது. 2,08,000 டன் கொள்ளளவு, சுமார் 6,700 பயணிகள். ஆசியச் சந்தைக்கென்றே வரைந்த கப்பல் என்பதால், ஆசியாவில் நிறுத்துவதுதான் பொருத்தம். முதல் பயணத்தை 2025 டிசம்பரிலிருந்து 2026 மார்ச் 10க்குத் தள்ளிவைத்தார்கள்.

சிங்கப்பூரில் புயல் பருவம் என்று ஒன்று இல்லாததால் வருடம் முழுக்க ஓட்டலாம். சென்னை, ஜகார்த்தா, பாங்காக் எங்கிருந்தும் சில மணி நேர விமானம். மூன்று, நான்கு இரவு கடலில் சுற்றிவிட்டு மரீனா பே முனையத்துக்கே திரும்பிவிடும். ஆறாயிரத்துச் சொச்சம் பேரை ஒரே காலையில் ஒரு சின்ன ஊரில் இறக்கினால் அந்த ஊர் தாங்குமா? கப்பலையே ஊராக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்றே சொல்வேன், ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் என்றாலும்.

ஜப்பானிலும் ஒன்று வருகிறதா?

வருகிறது. டோக்கியோ டிஸ்னிலாந்தை நடத்தும் ஓரியண்டல் லேண்ட் நிறுவனம் உரிமக் கட்டணம் கொடுத்துத் தானே நடத்தப்போகும் கப்பல். 2028 நிதியாண்டில் தொடங்கத் திட்டம். ஜப்பான் கொடி என்பதால் உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே மட்டுமே ஓட்டவும் தடையில்லை.

சார், சென்னைக்கு எப்போது?

டிஸ்னியை எதிர்பார்த்து மெரினாவில் உட்கார வேண்டாம். ஆனால் சென்னை ஏற்கெனவே ஒரு ஹோம்போர்ட்தான். மும்பையில் இருக்கும் கார்டீலியா நிறுவனம், தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில், தன் எம்பிரஸ் கப்பலை இங்கே கொண்டுவந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஓட்டியது. அது 1990இல் கட்டிய 48,000 டன் கப்பல். நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் கப்பல்களையும் வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் ஒன்றைச் சென்னையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் ராத்திரிக் கணக்கு உதைக்கிறது. இலங்கைக்குப் போய் வரலாம், சரி. அந்தமான் 1,190 கிலோமீட்டர், ஒரு வார இறுதிக்குள் அடங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாப் புயல்கள். நான்கைந்து மாதக் கப்பல் இங்கே லாபம் தரும், பன்னிரண்டு மாதக் கப்பல் தராது என்பது என் எண்ணம்.

நீங்களே முதலாளி என்றால், டிஸ்னியின் அடுத்த கப்பலை எங்கே வைப்பீர்கள்?

டெக்சாஸின் கால்வெஸ்டனில், வருடம் முழுக்க. இப்போது அங்கே பருவத்துக்குப் பருவம்தான் வந்து போகிறார்கள். ஹூஸ்டன் 80 கிலோமீட்டர், டல்லாஸ்காரர்கள் ஐந்து மணி நேரத்தில் காரில் வந்துவிடுவார்கள். விமானக் கட்டணம் ஏறும்போது காரில் வருகிற கூட்டம்தான் கைகொடுக்கும். குறையும் இருக்கிறது: குளிர்காலப் பனிமூட்டத்தில் கால்வாயை மூடிவிடுவார்கள், பஹாமாஸ் தீவுகள் ஒரே ராத்திரியில் எட்டாத தூரம், மெக்சிகோவின் கோசுமெல் போகவே நடுவில் ஒரு முழு நாள் கடல். அதனால் நான்கு இரவுக்குக் குறைந்து விற்க முடியாது. எப்போதும் காற்று வாங்கும் கேபின்களோடு ஓடுவதைவிட அது மேல்.

கடைசியாக ஒன்று: சிங்கப்பூர் கப்பலுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா எப்படி?

எந்த ஊரிலும் நிற்காவிட்டாலும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.