தோட்டக் கேள்வி-பதில்: கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றலாமா?

பால்கனியில் குண்டுமல்லி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை.
(வாசகி, தஞ்சாவூர்)

எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று எழுதவே இல்லையே! மல்லிகைக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். அது இல்லாத பால்கனியில் இலைதான் மிஞ்சும். வெயில் இருந்தும் பூக்கவில்லை என்றால் கவாத்து செய்யாமல் விட்டிருப்பீர்கள். நவம்பர் கடைசியில், அடியிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டுங்கள், மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். பாவம் பார்க்க வேண்டாம். புதுத் தளிரில்தான் மொட்டு வரும், மார்ச்சில் பூ பார்க்கலாம். யூரியா பக்கம் போகாதீர்கள், அது இன்னும் இலையைத்தான் தரும்.

செடி வாடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
(வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

ஊர் இல்லை. என்ன செடி என்றும் இல்லை. தொட்டியா தரையா என்பதும் தெரியாது. மருந்து மட்டும் வேண்டும்! விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். சேறாக இருந்தால் ஊற்றுவதை நிறுத்துங்கள், தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொட்டியில் வாடும் செடிகளில் பல, தண்ணீர் அதிகமாகி வாடுபவைதான்.

செம்பருத்தி நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த மருந்தை மூன்று தடவை அடித்தும் போகவில்லை.
(வாசகி, தாம்பரம்)

மாவுப்பூச்சி. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சுலபமாக உள்ளே இறங்காது. சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தை ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும். வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம். எறும்பையும் கவனியுங்கள், பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிப் போவது அதுதான்.

கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள் என்பதற்குக் காரணம் உண்டு. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. செம்பருத்தியிலும் ஏறியது. மருந்தடித்து ஓய்ந்த பிறகு, 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து கொண்டுவந்த கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவிதான் அதை அடக்கியது. கடை மருந்து முதலில் கொல்வது அந்த மாதிரிக் குளவிகளைத்தான்.

கறிவேப்பிலைச் செடி ஒரு வருடமாக ஒரே உயரத்தில் நிற்கிறது. வாரா வாரம் புளித்த மோர் ஊற்றுகிறேன். இன்னும் என்ன ஊற்றலாம்?
(வாசகி, திருச்சி)

எதையும் ஊற்ற வேண்டாம்! இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, எல்லாக் கடிதத்திலும் மோர் இருக்கிறது. மோரில் செடிக்கு ஆகும் சத்து கொஞ்சம்தான். பத்துப் பங்கு தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றினால் கெடுதல் இல்லை. வாரா வாரம் கெட்டியாகத் தொட்டியில் ஊற்றினால் மண் நாறும், எறும்பு வரும், கொசு மாதிரிச் சின்ன ஈ மொய்க்கும்.

செடி வளராததற்கு அசல் காரணத்தை நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். தாளிக்கும்போதெல்லாம் போய் நாலு இலை கிள்ளுகிறீர்கள், இல்லையா? ஓரடிச் செடிக்கு இருப்பதே பத்துப் பன்னிரண்டு ஈர்க்கு. அதில் பறித்துக்கொண்டே இருப்பது, பால்குடி மறக்காத பிள்ளையை வேலைக்கு அனுப்புவது மாதிரி. முதல் ஒரு வருடம் கடையில் கொசுறு வாங்கிச் சமையுங்கள், குடி முழுகிப் போகாது.

தரையில் என்றால் மூன்று அடி, தொட்டியில் என்றால் இரண்டு அடி வளர்ந்ததும் நடு நுனியை ஒடித்துவிடுங்கள். பக்கத்தில் ஐந்தாறு கிளை வெடிக்கும். அதற்குப் பிறகும் தனி இலையாக உருவாதீர்கள், கிளை நுனியோடு வெட்டி எடுங்கள். வெட்டிய இடத்தில்தான் புதிதாகத் துளிர்க்கும். உருவிய குச்சி மொட்டையாகவே நிற்கும்.

மார்கழிக் குளிரில் வளர்ச்சி மந்தமாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறை. உப்பான போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேட்டு வாங்கி, லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பறவை எச்சம் மாதிரிப் புழு உட்கார்ந்திருந்தால் கையால் எடுத்துப் போடுங்கள், வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு அது. அப்புறம், வெயில். நிழலில் வைத்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறது. முட்டை ஓடு போட்டும் கேட்கவில்லை.
(வாசகர், ஓசூர்)

கால்சியக் குறைதான். ஆனால் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், காய்க்குப் போய்ச் சேராது. தண்ணீரோடு சேர்ந்துதான் அது ஏறும். இரண்டு நாள் காயப் போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் இப்படித்தான் ஆகும். ஓடு மட்கிப் பயன்படுவதற்குள் செடியின் ஆயுசே முடிந்துவிடும். கறுத்ததைப் பறித்துப் போடுங்கள், காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள், விரல் விட்டுப் பார்த்து அளவாகத் தண்ணீர் விடுங்கள்.

சுரைக்காய் பிஞ்சிலேயே வெம்பி விழுகிறது.
(வாசகர், நாகர்கோவில்)

மகரந்தம் சேரவில்லை. சுரைப் பூ சாயங்காலம் விரிகிறது, அந்த நேரத்தில் தேனீ வராது. ஆறு, ஏழு மணிக்கு ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவில் தொட்டுவிடுங்கள்.

பாகலில் பழ ஈ. பொறி வாங்கி மாட்டினேன், ஒரு ஈ கூட விழவில்லை.
(வாசகி, மதுரை)

மாம்பழ ஈயை இழுக்கும் மீதைல் யூஜினால் என்ற வாசனை மருந்து வைத்த பொறியை வாங்கியிருப்பீர்கள். பாகல், புடலைக்கு கியூலூர் என்று கேட்டு வாங்க வேண்டும். அதுவும் ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். ஆகவே புழு வைத்த காய்களை அன்றன்றைக்கே பொறுக்கிப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். பிஞ்சுக்குக் காகித உறை போட்டால் இன்னும் நல்லது.

மாடியில் தொட்டியில் முருங்கை வைக்கலாமா?
(வாசகர், சென்னை)

கீரைக்கு வைக்கலாம், மூன்றடியில் ஒடித்து ஒடித்துப் பறியுங்கள். காய்க்கு ஆசைப்பட்டால் தரையில் இடம் தேடுங்கள்.

ரோஜாவின் அடியிலிருந்து தடிமனாக ஒரு கிளை வேகமாக வருகிறது, பூ இல்லை.
(வாசகி, வேலூர்)

ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே, வேராக இருக்கும் காட்டு ரோஜாவிலிருந்து கிளம்பிய கிளை அது. இன்றைக்கே அடியோடு பிய்த்து எடுங்கள்.